குட்டு வெளிப்பட்ட கதை

தலைப்பைப் பார்த்துட்டு யாரோட ரகசியமோ வெளியே வந்துடுச்சுன்னு ஆசையா ஓடி வந்தவங்க மன்னிச்சுக்குங்க. இது வேற குட்டு. ஹிந்தியில் குட்டூ, கடைசியில் கொஞ்சம் இழுத்துச் சொல்லணும். கறுப்பா, மூணு பக்கமும் பட்டை தீட்டின மாதிரி இருக்கிற ஒரு சின்ன விதை. அரைச்சா சாம்பலும் பழுப்பும் கலந்த ஒரு மாவு வரும். அந்த மாவில் ரொட்டி, பூரி, பக்கோடா எல்லாம் பண்ணுவாங்க. தில்லியில் வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஒன்பது ஒன்பது நாள், இந்த மாவுக்கு வர்ற கிராக்கி இருக்கே, அப்பப்பா! மிச்ச நாளில் சீந்த ஆள் கிடையாது. இந்த 'சீந்த ஆள் கிடையாது' என்கிற விஷயத்தை ஓரமா ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

நம்ம பக்கம் நவராத்திரின்னாலே கொலுவும் சுண்டலும்தான். கடலை, மொச்சை, பட்டாணின்னு தினம் ஒண்ணு வேகும். இங்கே வடக்கே விரதம் இருக்கிற வீடுகளில் அதே ஒன்பது நாளும் பருப்பு, பயறு எதுவும் வாயில் படக்கூடாது. சுண்டலுக்கே தடா! அரிசி, கோதுமை, ரவை, மைதா, கடலைமாவு கூடாது. வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. பல வீடுகளில் மஞ்சள்தூளும் பெருங்காயமும்கூடக் கிடையாது. சாதா உப்பும் தள்ளுபடி, இந்துப்பு மட்டும்தான். புரட்டாசி-ஐப்பசியில் வர்றது சாரதா நவராத்திரி, பங்குனி-சித்திரையில் வர்றது சைத்ர நவராத்திரி. நம்ம ஊர்க்காரங்க பலபேர் கண்ணில் இந்த ரெண்டாவது படவே படாது. இங்கே ரெண்டும் பெரிய பண்டிகைதான்.

முதல் நாள் காலையில் ஒரு மண்சட்டியில் மண் பரப்பி பார்லி விதைப்பாங்க. பஞ்சாபிகள் இதை கேத்ரின்னு சொல்வாங்க. நம்ம முளைப்பாரியேதான், வேற பேர். ஒன்பது நாளில் வெளிர்பச்சையா சாண் உயரம் வளர்ந்து நிக்கும். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ சின்னப் பெண்குழந்தைகளைக் கூப்பிட்டு, காலைக் கழுவி, பொட்டு வச்சு, பூரியும் கறுப்புக் கொண்டைக்கடலையும் ரவை அல்வாவும் கொடுத்து விரதத்தை முடிப்பாங்க. கவனிச்சீங்களா? முடியறதே கோதுமையிலும் கடலையிலும்தான். அதுவரைக்கும் தானியம் பூஜையில் இருக்கும், தட்டில் இருக்காது.

அப்போ இந்த குட்டூ மட்டும் எப்படி உள்ளே வந்தது? மாவா அரைக்கிறோம், பிசையறோம், தட்டறோம், தவாவில் போட்டு எடுக்கிறோம். பார்த்தா ரொட்டி மாதிரிதான் இருக்கு, சாப்பிட்டாலும் ரொட்டிதான். தில்லிக்கு வந்த புதுசில் பக்கத்து வீட்டு ஆண்ட்டிஜிகிட்டே இதைக் கேட்டேன். "யே அன்ன் நஹீ ஹை பேட்டா, யே தோ பல் ஹை" அப்படின்னாங்க. அதாவது இது தானியம் இல்லம்மா, இது பழம்! அதான் பலாஹாரம். சொல்லிட்டு, பழத்தை நெய்யில் பொரிச்சு எடுத்துத் தட்டில் வச்சாங்க :-)

சிரிச்சாலும், தாவரவியல்படி ஆண்ட்டிஜி சொன்னது தப்பே இல்லை. நெல், கோதுமை, பார்லி, சோளம், கம்பு எல்லாமே புல் குடும்பம். குட்டூ புல்லே கிடையாது. அகலமான இலை, சிவந்த தண்டு, வெள்ளையும் இளஞ்சிவப்புமா கொத்துக் கொத்தா பூ. நம்ம சுக்காங்கீரை இருக்கே, அதோட குடும்பம். மலையில் இதோட இளம் இலையைக் கீரையாவே கடைஞ்சு சாப்பிடறாங்க. விதைன்னு நாம சொல்றதும் உண்மையில் ஒரு விதை கொண்ட உலர்ந்த கனிதான். (அந்தக் கணக்கில் பார்த்தா கோதுமை மணியும் ஒரு கனிதான்னு தாவரவியல் வாத்தியார் யாராவது சண்டைக்கு வருவார். வரட்டும். ஆண்ட்டிஜிகிட்டே அனுப்பி வைக்கிறேன்.)

இந்தப் பலாஹாரம்ங்கிற வார்த்தை நமக்கும் சொந்தம்தான். நாம சொல்ற 'பலகாரம்' அதிலிருந்து வந்ததுதான். பழ உணவுன்னு ஆரம்பிச்ச சொல் நம்மகிட்ட வந்து முறுக்கு, அதிரசம், சீடைன்னு ஆகிப்போச்சு. ஆனா பழைய அர்த்தத்தோட வாசனை இன்னும் போகலை. "இன்னிக்கு அமாவாசை, ராத்திரி பலகாரம்தான்"னு எங்க பாட்டி சொன்னா, இட்லியோ தோசையோ வரப்போகுதுன்னு அர்த்தம். அரிசியைச் சாதமா வடிச்சாத்தான் அன்னம், அதையே ஊறவச்சு அரைச்சுப் புளிக்கவிட்டு ஊத்தினா பலகாரம்! ஏகாதசின்னா இன்னும் கொஞ்சம் கட்டுப்பாடு. அரிசியே கூடாது, கோதுமை ரவை உப்புமா நடக்கும். இங்கே வடக்கே அந்தக் கோதுமைதான் முதல் எதிரி.

ஒரே ஊர்ச் சாமி, ஒரே மாதிரி விரதம், சட்டம் மட்டும் ஏன் இப்படி மாறுது? பழைய நூல்களில் ஒரு அளவுகோல் இருக்கு. மனுஸ்மிருதியில், வானப்பிரஸ்தம் போனவங்களுக்கான ஆறாவது அத்தியாயத்தில், கலப்பை கீறின நிலத்தில் விளைஞ்சதைச் சாப்பிடக்கூடாதுன்னு வருது. உழாம, விதைக்காம, தானா முளைச்சது மட்டும்தான் அவங்களுக்கு. நீவாரம்னு காட்டு நெல், ச்யாமாகம்னு ஒரு சிறுதானியம், இதெல்லாம் முனிவர் சாப்பாடு. இந்த எண்ணம் இன்னும் உயிரோட இருக்கு. மகாராஷ்டிராவில் விநாயக சதுர்த்திக்கு மறுநாள் ரிஷி பஞ்சமி அன்னிக்கு, மாட்டோட உழைப்பு படாத காய்களை மட்டும் போட்டு ஒரு கூட்டு பண்ணுவாங்க. மாடு உழுத வயலில் விளைஞ்ச எதுவும் அன்னிக்குக் கிடையாது. எனக்கு ரொம்பப் பிடிச்ச விரதம் இது. ஒரு நாளாவது மாட்டுக்குக் கடன் வைக்காம சாப்பிடலாமே.

ஆனா அந்த அளவுகோலை வச்சுக் குட்டூவை அளந்தா, தேறாது. மலையில் குட்டூ தானா முளைக்கிறதில்லை. வயலை உழுது, விதைச்சு, அறுத்து, அடிச்சு எடுக்கிற பயிர்தான் அது. சரி, புல் குடும்பம் இல்லைங்கிறதுதான் விதின்னு வச்சுக்கிட்டா அதிலும் ஒரு ஓட்டை. விரதத்தில் 'சாமக் கே சாவல்'னு ஒண்ணு சமைப்பாங்க. அது நம்ம குதிரைவாலிதான். சுத்தமான புல், சுத்தமான சிறுதானியம், பேரிலேயே 'அரிசி'ன்னு வேற இருக்கு. அது மட்டும் தடையில்லாம உள்ளே வருது. பழைய ச்யாமாகத்தோட பேரன்ங்கிற சலுகையோ என்னமோ.

விரதத் தட்டை முழுசாப் பார்த்தா இன்னும் வேடிக்கை. உருளைக்கிழங்கு தென் அமெரிக்கா. பச்சை மிளகாயும் அமெரிக்கா. ராஜ்கிரான்னு லட்டு பிடிக்கிறாங்களே, தண்டுக்கீரை வகையோட விதை, அந்த வகையும் மெக்சிகோ பக்கத்துப் பூர்விகம். வேர்க்கடலையும் தென் அமெரிக்கா. ஜவ்வரிசி கதையில் நமக்கே பங்கு உண்டு. மரவள்ளி பிரேசில்காரன். திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊன்றி வளர்த்த கிழங்கு அது. ரெண்டாம் உலகப்போர் சமயம் கப்பலில் வந்துகிட்டிருந்த சாகோ வராமப் போக, 1940-களில் சேலத்தில் மரவள்ளிமாவிலிருந்து ஜவ்வரிசி உருட்ட ஆரம்பிச்சாங்க. 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும் வந்தது. மகாராஷ்டிராவும் உத்தரப் பிரதேசமும் விரதத்துக்குச் சாப்பிடற சாபுதானா கிச்சடியில் பெரும்பங்கு சேலத்துச் சரக்கு. ஏற்காடு அடிவாரத்தில் உலருது, காசியில் விரதமாகுது! இந்துப்பு மட்டும் சும்மாவா, வழிவழியா அது வந்தது பாகிஸ்தான் பஞ்சாபில் இருக்கிற கேவ்ரா சுரங்கத்திலிருந்து. 2025 மே மாசம் பாகிஸ்தான் இறக்குமதியை முழுசா நிறுத்தினதும் அதுக்கும் கேள்விக்குறி வந்தது.

ஆக, உழுத நிலமும் விதி இல்லை, புல் குடும்பமும் விதி இல்லை, சொந்த மண்ணும் விதி இல்லை. எனக்குத் தோணறது இதுதான். எது தினசரி சாப்பாடோ அதை விடறதுதான் விரதம். சட்டம் எழுதினப்போ வயலில் இல்லாத பயிர், பின்னால் வந்த பயிர், தள்ளி எங்கேயோ மலையில் விளையற பயிர், இதெல்லாம் பட்டியலில் இல்லாததால கதவு வழியா சுலபமா நுழைஞ்சுடுச்சு. சமவெளிக்காரங்களுக்குக் குட்டூ என்னிக்குமே தினசரி ரொட்டி கிடையாது. அந்த ஒரே தகுதிதான் அதுக்கு.

யாருக்குமே தினசரி ரொட்டியா இருந்ததில்லையான்னு கேட்டா, அங்கேதான் கதை மேலே மலையேறுது.

இந்தப் பயிரோட காட்டு மூதாதை எதுன்னு ரொம்ப நாள் தெரியாம இருந்தது. சைபீரியா, மஞ்சூரியான்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லிக்கிட்டிருந்தாங்க. 1990 வாக்கில் கியோட்டோ பல்கலைக்கழகத்து ஓமி ஓனிஷி, சீனாவின் தென்மேற்குக் கோடியில் யுன்னான் மலைகளில் அதைக் கண்டுபிடிச்சார். யுன்னான், சிச்சுவான், கிழக்குத் திபெத் சந்திக்கிற இடத்தில் மூணு பெரிய நதிகள் பக்கம் பக்கமா ஓடற பள்ளத்தாக்குகள்தான் பிறந்த வீடு. அங்கிருந்து கிழக்கே போனது ஜப்பானில் சோபா நூடுல்ஸ் ஆச்சு. மேற்கே போனது ரஷ்யாவில் கஞ்சியாச்சு, பிரான்சில் பிரிட்டனி பக்கம் காலெத்னு மெல்லிய தோசையாச்சு. அது ஐரோப்பா போய்ச் சேர்ந்தது இடைக்காலத்துக் கடைசியில்தான். பேர் வச்ச லட்சணத்தைப் பாருங்க. ரஷ்யாக்காரன் 'கிரேக்கத்து தானியம்'னு சொல்றான். பிரான்ஸ்காரனும் இத்தாலிக்காரனும் 'அரபுக்காரன் தானியம்'னு சொல்றாங்க. ஜெர்மன்காரன் பீச் மரத்துக் கொட்டை மாதிரி மூணு மூலையா இருக்குன்னு பீச்-கோதுமைன்னுட்டான். இங்கிலீஷ் பக்வீட்டுக்கும் அதே அர்த்தம்தான். எல்லாருமே இது எங்களுது இல்லைப்பான்னு கை காட்டின ஒரே பயிர் இதுதான் போல.

தெற்கே இறங்கினது இமயமலை முழுக்கப் பரவிடுச்சு. ஹிமாசலத்தில் ஓக்லா, குமாவுன்-கட்வாலில் உகல், நேபாளத்தில் பாபர். ரெண்டு ஜாதி உண்டு, ஒண்ணு இனிப்பு, ஒண்ணு கசப்பு. இன்னும் மேலே, இன்னும் குளிரில் நிக்கறது கசப்பு ஜாதி. கின்னௌரில் சாங்லா பள்ளத்தாக்கு, கிட்டத்தட்ட 2,700 மீட்டர் உயரம். ஆகஸ்ட் மாசம் படிக்கட்டு வயல் பூரா இளஞ்சிவப்புப் பூவா நிக்கும். பூடானில் பும்தாங்னு ஒரு ஜில்லா, அங்கே முன்னெல்லாம் நெல் விளைஞ்சதில்லை. குட்டூ மாவில் குலேன்னு தோசையும், புட்டான்னு மரக்குழாயில் பிழிஞ்ச இடியாப்பம் மாதிரி ஒண்ணும்தான் வழிவழியா அவங்க சாப்பாடு. தென்னிந்தியாவிலும் நீலகிரி, பழனி மலைகளில் அங்கொண்ணும் இங்கொண்ணுமா இது விளைஞ்சிருக்கு.

மலைக்காரங்க ஏன் இதைப் பிடிச்சுக்கிட்டாங்கன்னா, காலம்தான் காரணம். விதைச்ச 70-லிருந்து 100 நாளுக்குள்ளே அறுவடை. பனி உருகி நிலம் கைக்குக் கிடைக்கிறதே லேட்டு, பனி திரும்ப வர்றதோ சீக்கிரம். அந்த நடுவில் கிடைக்கிற மூணு மாசத்தில் வேற எது முடியும்? பார்லி அறுத்த வயலில் ரெண்டாம் போகமாகவும் தூவலாம். எருவும் அதிகம் கேக்காது, வறண்ட கல்லு மண்ணிலும் வந்துடும். 100 கிராமில் 12, 13 கிராம் புரதம் வேற. ஆனா உறைபனி பட்டா கருகிடும், காத்தடிச்சா மணி கொட்டிடும், தோல் உடைக்கிறது பெரும்பாடு. ஏழைகளோட தானியம்னு பேர். வேற வழியில்லாதவங்க சாப்பிடறதுன்னு ஒரு இளக்காரம் அந்த மலைகளிலேயே இருந்திருக்கு.

இங்கேதான் எனக்கு மனசு நின்னு போச்சு. மேலே, வேற வழியில்லாம தினம் சாப்பிட்ட ரொட்டி. அதையே கீழே, வேற எல்லாம் இருந்தும் விட்டுட்டு ஒன்பது நாள் சாப்பிடற ரொட்டி. நடுவில் ஒரு மலைச்சரிவுதான் தூரம்.

மலையிலிருந்து சமவெளிக்கு இது இறங்கினது நேத்திக்கு இல்லை. ஜார்ஜ் வாட்னு ஒரு பிரிட்டிஷ் அதிகாரி 1889-லிருந்து தொகுதி தொகுதியா இந்தியப் பொருட்களுக்கு ஒரு அகராதி போட்டார். அந்தக் காலத்துக் குறிப்புகளிலேயே, மலையில் விளையற குட்டூ சமவெளியில் இந்துக்களோட விரத நாள் சாப்பாடா விலை போகுதுன்னு வந்தாச்சு. ஆக 130 வருஷத்துக்கு முன்னாடியே இந்த வியாபாரம் ஓடிக்கிட்டிருந்திருக்கு. அதுக்கப்புறம் மலையில் என்ன ஆச்சு? கின்னௌருக்கு ஆப்பிள் வந்தது. ரேஷன் அரிசியும் கோதுமையும் வந்தது. ஓக்லா வயலெல்லாம் தோட்டமாச்சு. பும்தாங்கில் உருளைக்கிழங்கு அந்த இடத்தைப் பிடிச்சது. உத்தராகண்ட் மலைக் கிராமங்களில் ஆளே இறங்கிப்போய் வயல் தரிசாக் கிடக்கு. தினசரி ரொட்டியா இதைச் சாப்பிட்டவங்களும் விட்டுட்டாங்க. குறை சொல்ல முடியுமா? ஆப்பிள் விக்கிற காசில் பிள்ளைங்க சிம்லாவில் படிக்குதுங்க. கடைசியில் குட்டூவுக்கு நம்ம நாட்டில் மிஞ்சின பெரிய ஆதரவு இந்தப் பதினெட்டு விரத நாள்தான்.

இப்போ முதலில் ஓரமா வைக்கச் சொன்னேனே, அதை எடுங்க.

2011 ஏப்ரல், சைத்ர நவராத்திரி. தில்லியில் குட்டூ மாவு சாப்பிட்டு வாந்தி, மயக்கம்னு நூத்துக்கணக்கான பேர் ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க. 2025 மார்ச் கடைசியில், மறுபடி சைத்ர நவராத்திரி, டேராடூனில் நூறு பேருக்கு மேல. அதே வருஷம் செப்டம்பர் 23, சாரதா நவராத்திரி ரெண்டாம் நாள், வடமேற்கு தில்லியில் ஜஹாங்கீர்புரி பக்கம் விடியக்காலையிலிருந்தே ஆட்டோவிலும் ரிக்ஷாவிலும் ஜனங்க வந்து இறங்கினாங்க, கிட்டத்தட்ட 200 பேர். நடுவில் உள்ள வருஷங்களிலும் ஹரியானா, உத்தரப் பிரதேசம்னு எங்கேயாவது ஒரு செய்தி வராம இருக்காது. பழைய மாவு, பூஞ்சை, கலப்படம்னு அதிகாரிகள் காரணம் சொல்வாங்க. கடைகளில் சோதனை, மாதிரி எடுத்தல், சீல் வைத்தல். உத்தராகண்டில் அந்த வருஷமே பாக்கெட் போடாம சில்லறையா குட்டூ மாவு விக்கக்கூடாதுன்னு உத்தரவும் வந்தது. பத்து நாளில் பண்டிகை முடியும், செய்தியும் முடியும்.

'பேராசை பிடிச்ச வியாபாரி'ன்னு திட்டறது சுலபம். கலப்படம் பண்றவனை நானும் விடப்போறதில்லை. ஆனா கணக்கைக் கொஞ்சம் பாருங்க. குட்டூ விதை தோலோட இருக்கும்போது நல்லாவே தாங்கும். அரைச்ச நிமிஷத்திலிருந்துதான் வம்பு. அதில் நூத்துக்கு மூணு பங்கு அளவுக்குக் கொழுப்பு உண்டு. அந்தக் கொழுப்பை உடைக்கிற நொதியும் கூடவே உண்டு. அதனால மாவு சீக்கிரமே காறிப்போகும். ஈரம் பட்டா கட்டி தட்டிப் பூஞ்சை பிடிக்கும். கோதுமை மாவுன்னா கடைக்காரர்கிட்டே வாரத்துக்கு வாரம் மூட்டை மாறும், பழசாக நேரமே கிடையாது. குட்டூ மாவு? சைத்ரத்தில் வித்தது போக மிஞ்சின அரை மூட்டை, மே மாச வெயிலையும் ஜூலை ஆகஸ்ட் மழையையும் கடையோட இருட்டு மூலையில் பார்த்துட்டு, சாரதா நவராத்திரிக்கு மறுபடி முன்னாடி வந்து உட்காரும். மலையில் புது அறுவடை செப்டம்பர், அக்டோபரில்தான். அதாவது சாரதா நவராத்திரி வர்ற நேரத்துக்குப் புது மணி வந்து சேர்றதே கஷ்டம். அந்தச் சமயம் கடைக்கு வர்றது பெரும்பாலும் போன வருஷத்து விளைச்சல்தான். தினமும் யாரும் சாப்பிடாததுனாலதான் இது விரதத்துக்கு ஆச்சு. தினமும் யாரும் சாப்பிடாததுனாலதான் பழசும் ஆகுது. ரெண்டும் ஒரே காரணம்.

இதில் அடிபடறது யாருன்னும் சொல்லியாகணும். மாலில் நவராத்திரி தாலி சாப்பிடறவங்க இல்லை. தேதி போட்ட பாக்கெட்டுக்குக் கொடுக்கக் காசில்லாம, தெருமுனைக் கடையில் கால் கிலோ, நூறு கிராம்னு பொட்டலம் கட்டி வாங்கிட்டுப் போறவங்க. நாள் பூரா வேலை செஞ்சுட்டு, வெறும் வயித்தில், ராத்திரி ஒரே வேளை அதைச் சாப்பிடறவங்க. பெரும்பாலும் பெண்கள்.

(இதுக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு எச்சரிக்கை. சிலருக்குக் குட்டூவே அலர்ஜி. நல்ல புது மாவா இருந்தாலும் உடம்பு தடிக்கும், மூச்சு முட்டும். ஜப்பானில் பாக்கெட் சாப்பாட்டில் சோபா மாவு இருந்தா வெளியே எழுதியே ஆகணும்னு சட்டம். முதல் தடவை சாப்பிடறவங்க கொஞ்சமா ஆரம்பிங்க.)

2025 செப்டம்பர் செய்தி வந்த அன்னிக்கு ஆண்ட்டிஜி வீட்டில் மருமகள் ஒரே பிடிவாதம், இந்த வீட்டுக்குள்ளே இனிமே குட்டூ வரக்கூடாதுன்னு. ஆண்ட்டிஜிக்கு 74 வயசு. கல்யாணமான நாளிலிருந்து ஒரு நவராத்திரி விடாம விரதம் இருக்கிறவங்க. வெறும் உருளைக்கிழங்கையும் பாலையும் வச்சு ஒப்பேத்தறேன்னு உட்கார்ந்துட்டாங்க. சர்க்கரை வேற இருக்கு அவங்களுக்கு. ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரி என்ன பண்றது? கடைக்குப் போய் 'குட்டூ கிரி' வாங்கிட்டு வந்தேன். தோல் நீக்கின முழு மணி அது, வெளிர்பச்சையும் பழுப்புமா இருக்கும். மருமகள் கண்ணு முன்னாடியே முறத்தில் கொட்டி, புடைச்சு, ஒரு மணியை ரெண்டு பேருக்கும் கடிச்சுப் பார்க்கக் கொடுத்தேன். புது மணின்னா லேசா இனிப்பும் கொட்டை வாசனையும் இருக்கும், பழசுன்னா நாக்கில் ஒரு காறல். அப்புறம் நம்ம மிக்ஸியில் ரெண்டே சுத்து, மாவாயிடுச்சு. கோதுமை மாதிரி கல்லு இல்லை இது, மெத்துனு அரைபடும்.

ரொட்டிக்கு வருவோம். இந்த மாவில் க்ளூட்டன் கிடையாது. எவ்வளவு பிசைஞ்சாலும் சப்பாத்தி மாவு மாதிரி இழுவை வராது, தேய்ச்சா ஓரமெல்லாம் விண்டு போகும். அதனால உருளைக்கிழங்குதான் பசை. ரெண்டு கப் மாவுக்கு நடுத்தரமா மூணு கிழங்கு, நல்லா வேகவச்சு, கட்டியில்லாம மசிச்சுக்குங்க. சேப்பங்கிழங்கு போட்டா இன்னும் நல்லாப் பிடிச்சுக்கும். நாம அதை ரோஸ்ட் பண்ணியே பழகிட்டோம், இங்கே அது விரதப் பசை. இந்துப்பு, பொடியா நறுக்கின பச்சை மிளகாய், கொத்தமல்லி, கொஞ்சம் சீரகம். முதலில் கிழங்கோட ஈரத்திலேயே பிசைஞ்சு பாருங்க. அப்புறம் தேவைப்பட்டா மட்டும் கை நனைக்கிற அளவு தண்ணி. பிசைஞ்சதும் அடுப்புக்குப் போயிடணும். ஊறட்டும்னு வச்சா மாவு இளகி, கையில் ஒட்டி, உயிரை வாங்கும்.

தேய்க்கிறதுக்கு ஆண்ட்டிஜி ஒரு பிளாஸ்டிக் கவரை ரெண்டாக் கிழிச்சு, நடுவில் உருண்டையை வச்சு உருட்டுவாங்க. நான் வாழையிலைக்காரி. இலைத் துண்டில் நெய் தடவி, போளி தட்டற மாதிரி விரலாலேயே வட்டமாத் தட்டி, இலையோட தவாவில் கவுத்துடுவேன். பத்து விநாடியில் இலை தானா விட்டுடும், உரிச்சு எடுத்துடலாம். சப்பாத்தியை விடக் கொஞ்சம் தடிமனாவே இருக்கட்டும். தீ மிதமா இருக்கணும். ஓரத்தில் நெய் விட்டு, ரெண்டு பக்கமும் கரும்பழுப்புப் புள்ளி வர்ற வரைக்கும் விட்டு வைங்க. இதோட நிறமே மங்கல், அதனால வெந்துச்சான்னு கண்ணால சொல்ல முடியாது. பச்சை வாசனை போய் வறுத்த வாசனை வரணும், மூக்குதான் கணக்கு. கூடவே கெட்டித் தயிர், இல்லேன்னா மஞ்சள் போடாம சீரகத்தில் தாளிச்ச தக்காளி உருளைக் கறி. ஆறினா விறைச்சுப் போகும், சூடாவே சாப்பிட்டுடணும்.

முதல் ரொட்டியை மருமகள்தான் சாப்பிட்டா. விரதம் இல்லாதவ, எதுக்குன்னு கேட்டதுக்கு, "டெஸ்ட் பண்றேன் ஆண்ட்டி"ன்னா. அரை மணி நேரம் கழிச்சு மாமியாருக்குப் போட அனுமதி கிடைச்சது.

மணியை மொத்தமா வாங்காதீங்க, ஒன்பது நாளுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு மட்டும். அரைக்கிறது அன்னன்னிக்கு. மிஞ்சிப்போனா மாவை டப்பாவில் போட்டு அடுத்த நவராத்திரிக்குன்னு எடுத்து வைக்கிற வேலையே வேண்டாம். தசரா அன்னிக்குச் சாயங்காலம் வெங்காயம் நறுக்கிப் போட்டு தோசையா வார்த்துடுங்க. வெங்காயத்தோட இது ஜோர்! சிங்காராவைப் பத்தி இன்னொரு நாள் எழுதறேன், அது தண்ணிக்குள்ளே விளையற கதை.